பெட்டி செத்தால் விளையாட்டும் சாக வேண்டுமா?



இது நீளமான பதிவு. "சுருக்கமா சொல்லுங்க மிஸ்" என்று எழுதுகிறவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். நடுவில் உங்கள் பழைய குட்டு ஒன்றையும் உடைக்கப் போகிறேன்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஆரம்பித்தது நான்தான். சேலையூர் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது, கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே ஒரு விளையாட்டுத் தட்டு கிடைத்தது. "தேசி அட்டா: கேம்ஸ் ஆஃப் இந்தியா". பிளேஸ்டேஷன் 2-க்காக 2009-இல் வந்த கேம். என் மகன் வேலைக்குப் போன புதிதில் வாங்கியது. தட்டில் ஒரு கீறல் இல்லை, கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

ஏழாவது படிக்கிற பேரன் அதைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல கில்லி இருக்காமே! போட்டுக் காட்டுங்க" என்றான். எதில் போடுவது? தட்டு இருக்கிறது, மெஷின் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை, ஒரு போகிக்கு முதல் நாள், இடத்தை அடைக்கிறது என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டவள் நான்தான். அன்றைக்கு மகன் ஊரில் இல்லை. பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

குழுவில் தட்டின் படத்தைப் போட்டு, "இதை இப்போ எதுல பார்க்கிறது?" என்று கேட்டேன். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பதில் போட்டான். "அது கன்சோல் எக்ஸ்க்ளூசிவ் பெரியம்மா. அந்த மெஷின்ல மட்டும்தான் ஓடும். அதுதான் பிஸினஸ். கேம்தானே, விடுங்க."

நான் விடுவதாக இல்லை. இந்தப் பதிவு அவனுக்கான பதில். உங்களில் பாதிப் பேர் சிறுசேரியிலும் பெருங்குடியிலும் அதே வேலையில் இருப்பதால் உங்களுக்கும்தான்.

முதலில் விஷயம் புரியாத சொந்தங்களுக்காக. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெட்டி. சில கேம்களை ஒரு பெட்டியில் மட்டுமே ஓடும்படி செய்வார்கள். அதுதான் எக்ஸ்க்ளூசிவ். ஒரு படம் தாம்பரம் வித்யா தியேட்டரில் மட்டும்தான் ஓடும், வேறெங்கும் ஓடாது, டிவியிலும் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டரை இடித்தால் படமும் போச்சு. அந்த ஏற்பாட்டை யாராவது சரி என்பார்களா? கேம் விஷயத்தில் மட்டும் சரி என்கிறோம்.

என் கையில் இருக்கும் தட்டின் கதையைப் பாருங்கள். ஹைதராபாத்தில் கேம்சாஸ்திரா என்ற நிறுவனத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்தது. உள்ளே கில்லி, கபடி, பட்டம் விடுவது என்று நம் தெரு விளையாட்டுகள். வந்தது பிளேஸ்டேஷன் 2-க்கும் கையடக்கமான பிஎஸ்பிக்கும் மட்டும். அதே 2009-இல் அதே ஹைதராபாத்திலிருந்து "ஹனுமான்: பாய் வாரியர்" வந்தது. பிளேஸ்டேஷனுக்காக இந்தியாவிலேயே உருவான முதல் கேம் என்று அப்போது பெருமையாகப் பேசினார்கள். அதுவும் பிஎஸ்2-இல் மட்டும். 2011-இல் ஷாருக்கானின் "ரா.ஒன்" படத்துக்கு மும்பையில் செய்த கேம் பிஎஸ்2, பிஎஸ்3 இரண்டோடு நின்றது.

பிஎஸ்2 சாதாரணப் பெட்டி இல்லை. 2000-இல் ஜப்பானில் வந்தது, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. 2013 தொடக்கத்தில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது என்று அறிவித்தார்கள். இன்று கடையில் விற்கும் பிளேஸ்டேஷன் 5-இல் இந்தத் தட்டைப் போட்டால் ஓடாது. அதற்கு முந்தைய பிஎஸ்4-இலும் ஓடாது. ஆக, இந்திய கேம் தொழிலின் முதல் அடிகள் எல்லாம் இப்போது பரணிலும் பழைய சாமான் கடையிலும் கிடக்கின்றன. தட்டு உயிரோடுதான் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி மட்டும் எடைக்குப் போய்விட்டது.

இப்போது உங்கள் குட்டுக்கு வருகிறேன். 96, 97 பேட்ச் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். பள்ளிக் கம்ப்யூட்டர் லேப் சாவி சரித்திர டீச்சரான என்னிடம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் "ரெக்கார்டு முடிக்கணும் மிஸ்" என்று வாங்கிப் போவீர்கள். ஒரு நாள் உள்ளே வந்து பார்த்தால், கறுப்புத் திரையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தன் முள் குழியைத் தாண்டிக்கொண்டிருந்தான். "பிரின்ஸ் ஆஃப் பெர்சியா". அந்த ஃப்ளாப்பியின் மேல் "பிசிக்ஸ்" என்று எழுதி ஒட்டியிருந்தீர்கள். பறிமுதல் செய்தேன். திருப்பித் தரவே இல்லை. மன்னியுங்கள்.

அந்த கேம் 1989-இல் ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதியது. அந்தக் கம்ப்யூட்டரின் தயாரிப்பு 1993-இலேயே முடிந்துபோனது. விளையாட்டு ஆப்பிள் 2-ஓடு நின்றிருந்தால், தாம்பரத்தில் நீங்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டீர்கள். 1990-இல் அதை டாஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றி எழுதினார்கள். அதனால்தான் நம் லேபுக்கு வந்தது. இன்றும், டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டால், உங்கள் பிள்ளைகள் அதே முள் குழியைத் தாண்டலாம். 2012-இல் மெக்னரின் அப்பா வீட்டில் கிடந்த ஒரு பெட்டியில் அந்த கேமின் மூல நிரல் இருந்த ஃப்ளாப்பிகள் கிடைத்தன. பழைய கம்ப்யூட்டர்களில் தேர்ந்தவர்களைக் கூப்பிட்டு அதிலிருந்து நிரலை மீட்டு, யாரும் படிக்கலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டார் மெக்னர்.

கணக்கைப் பாருங்கள். 1989-இல் வந்த கேமை இன்று ஆடலாம். 20 வருஷம் கழித்து 2009-இல் வந்த கேமை ஆட முடியாது. புதியது செத்துப் பழையது பிழைத்திருக்கிறது. ஏன்? ஒன்றுக்குப் படி எடுத்தார்கள், இன்னொன்றுக்கு எடுக்கவில்லை.

பிசிக்கு மாற்றினால் மட்டும் ஏன் பிழைக்கும் என்று கேட்பீர்கள். பிசி என்பது ஒரு கம்பெனியின் பெட்டி இல்லை. 1981-இல் ஐபிஎம் கொண்டுவந்ததைப் பார்த்து மற்றவர்கள் அதே அமைப்பில் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பையன்களே திருப்புளியும் கையுமாக அசெம்பிள் செய்து விற்றார்கள். ராம் போனால் ராம் மாற்றலாம், எஸ்எம்பிஎஸ் போனால் அதை மாற்றலாம். ஒரு கம்பெனி கடையை மூடினால் இன்னொரு கம்பெனியின் போர்டு இருக்கும். பழைய மென்பொருள் புது மெஷினில் ஓடவில்லையா, அதற்கு ஒரு ஒட்டு வேலை செய்து இலவசமாகக் கொடுக்க உலகத்தில் எங்காவது ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். பல பேர் கையில் இருக்கிற பொருளுக்குச் சீக்கிரம் சாவு வராது. ஒருத்தன் கையில் இருக்கிற பொருள் அவனுக்கு அலுத்துப்போகிற நாள் வரைதான்.

இது பிழைப்பதைப் பற்றி. யாருக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி.

நம் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். முடிச்சூரிலும் படப்பையிலும் வண்டலூரிலும், வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்பாக இருந்த குடும்பங்கள் எனக்கே நிறையத் தெரியும். அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து, அப்பாவின் கடைக் கணக்குக்கு வந்தது. இன்னொரு பக்கம், 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். புது கேம் ஒன்று 4,999 ரூபாய் வரை. என் பழைய மாணவர்களில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் உண்டு, நகைக்கடையில் நிற்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கலாம். கன்சோல் இருக்காது. புதிய பெரிய கேம் எல்லாம் அந்த இலவச லேப்டாப்பில் ஓடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 2009-இல் வந்த ஒரு சின்ன கில்லி விளையாட்டைப் பிசிக்கும் எழுதியிருந்தால் தாராளமாக ஓடியிருக்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. புனேயில் சில இளைஞர்கள் "ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்" என்று ஒரு கேம் செய்தார்கள். துர்க்கையின் அருள் பெற்ற ஒரு பெண் அசுரர்களிடமிருந்து தன் தம்பியை மீட்கப் போகும் கதை. உலகமே திரும்பிப் பார்த்த இந்திய கேம். அது 2020 ஆகஸ்ட் 18-இல் முதலில் வந்தது நின்டெண்டோ ஸ்விட்சில் மட்டும். நின்டெண்டோ அந்தப் பெட்டியை இந்தியாவில் முறைப்படி விற்கவே இல்லை! நம் கதை, நம் பிள்ளைகள் செய்தது, நம் ஊர்க் கடையில் முறையாகக் கிடைக்காத பெட்டியில் முதலில் வெளியாகிறது. செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பணம் திரட்ட அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நல்ல வேளை, அதே ஆண்டு அக்டோபரில் பிசிக்கும் மற்ற பெட்டிகளுக்கும் வந்தது. இரண்டே மாதம். யாருக்கும் குடி முழுகவில்லை.

நம் தமிழ்க் கதை ஒன்றையும் சொல்கிறேன். 2023 ஜூலை 31-இல் "வெண்பா" வந்தது. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். பாட்டி கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லி வார்க்க வேண்டும், அதுதான் ஆட்டம். அதைப் பிசி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். மறு வருஷம் லண்டனில் பாஃப்டா விருது வாங்கியது. என் பேத்தி அதை லேப்டாப்பில் ஆடியபோது பக்கத்தில் உட்கார்ந்து, "முதல்ல தட்டுல எண்ணெய் தடவு" என்று சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பெட்டிக்குள் பூட்டியிருந்தால் அந்தச் சாயங்காலம் எனக்குக் கிடைத்திருக்காது.

இப்போது தங்கை மகனின் வாதங்களுக்கு வருகிறேன். அவன் முட்டாள் இல்லை. சொன்னதில் நியாயமும் கொஞ்சம் இருக்கிறது.

"எக்ஸ்க்ளூசிவ் இல்லேன்னா பெட்டியை யார் பெரியம்மா வாங்குவா? பெட்டி விக்கலேன்னா கேமுக்குப் போட பணம் எங்கேர்ந்து வரும்?" என்கிறான். சரி. முதல் போட்டவன் லாபம் பார்க்கட்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அவன் பெட்டியிலேயே இருக்கட்டும். பிறகு என்ன தடை? சோனியே 2020 ஆகஸ்டில் "ஹொரைசன் ஸீரோ டான்" கேமைப் பிசிக்குக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் "காட் ஆஃப் வார்". 2024 மே மாதம் "கோஸ்ட் ஆஃப் சுஷிமா". பெட்டி விற்பது இதனால் நின்றுவிடவில்லை. 2024 பிப்ரவரியில் "ஹெல்டைவர்ஸ் 2" பிளேஸ்டேஷனிலும் பிசியிலும் ஒரே நாளில் வந்து, 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றது. அவர்கள் வெளியிட்டதிலேயே இவ்வளவு வேகமாக விற்றது வேறில்லை என்று அவர்களே சொன்னார்கள். பிசியில் விற்றால் நஷ்டம் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

ஆனால் 2015-இல் பிஎஸ்4-க்கு வந்த "பிளட்போர்ன்" போல எத்தனையோ கேம்கள் பிசிப் பக்கமே வரவில்லை. தயாரிப்பே நின்றுபோன பெட்டிக்குள் ஒரு கேமைப் பூட்டி வைத்து என்ன வியாபாரம் நடக்கிறது? விற்கிறவனுக்கும் காசில்லை, வாங்குகிறவனுக்கும் பொருளில்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை என்று அதில் சொன்னார்கள். இது வியாபாரம் இல்லை கண்ணா. வைக்கோல் போர்க் கதைதான். தானும் தின்னாது, மாட்டையும் விடாது.

"அதுக்குத்தான் எமுலேட்டர் இருக்கே" என்று இன்னொரு மருமகப்பிள்ளை. பழைய பெட்டியைப் போலவே நடிக்கிற மென்பொருள். பிஎஸ்2-க்கும் பிசிஎஸ்எக்ஸ்2 என்று ஒன்று இருக்கிறது. ஊர் பேர் தெரியாத பையன்கள் பல வருஷம் உழைத்துச் செய்தது, அவர்களுக்குக் கோடி நமஸ்காரம். ஆனால் அதை ஓட்ட, பெட்டிக்குள் இருக்கும் பயாஸ் என்ற நிரலின் நகல் வேண்டும். நேர்வழியில் வேண்டுமென்றால் சொந்தப் பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெட்டியைத்தான் எடைக்குப் போட்டுவிட்டேனே! காசு கொடுத்து வாங்கிய தட்டை ஓட்டிப் பார்க்க, 65 வயதுக்கு மேல் என்னைத் திருட்டு நகல் தேடச் சொல்கிறீர்களா? நியாயமாக வாங்கத் தயாராக இருப்பவனுக்கு வாசலை அடைத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்தால் திருடன் என்பது என்ன நீதி?

கடைசியாக அந்த வார்த்தை. "கேம்தானே, விடுங்க." எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இதற்குத்தான்.

எட்டாம் வகுப்பில் நான் நடத்தியது நினைவிருக்கிறதா? ஓலைச்சுவடி நிரந்தரமில்லை. செல் அரிக்கும், ஓரம் ஒடியும். அதனால் பழையது உதிர்வதற்குள் புது ஓலையில் படி எடுப்பார்கள். படி எடுக்க ஆள் இருந்த நூல் பிழைத்தது, ஆள் இல்லாத நூல் போனது. ஆடிப்பெருக்கில் கட்டுக்கட்டாக ஆற்றில் விட்டவர்களும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் இடத்தை அடைக்கிறது, யார் படிக்கிறார்கள் என்று நினைத்த சாதாரண மனிதர்கள். என்னைப் போல. மிஞ்சியதை ஊர் ஊராகத் தேடி, உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் ஏற்றினார். யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை ஏற்றினார். ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாற்றினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அதுதான் போர்ட். கில்லி கேமைப் புறநானூற்றோடு ஒப்பிடுகிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள். எது புறநானூறு, எது குப்பை என்று தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை அந்தந்தக் காலத்துக்காரர்களுக்கு இருந்ததில்லை என்பதுதான் நான் சொல்வது.

சினிமாவைப் பாருங்கள். தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்", 1931. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று அதன் ஒரு பிரதி கூட இல்லை. "கூத்துதானே" என்று அன்று விட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-இல். 33 வருஷம் தாமதம்.

அதே காலத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர் நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் கூடச் சேர்த்து வைத்தார். ஊரார் சிரித்திருப்பார்கள். இன்று நம் தரமணியில் அவர் பேரில் இருக்கிற நூலகத்துக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. இரண்டும் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டுதான் "விடுங்க" என்கிறோம்.

இதில் சட்டமும் நம்மைக் கைவிடுகிறது. 1954-இல் வந்த சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் எழும்பூர் கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்தச் சட்டத்தில் நூல், துண்டுப் பிரசுரம், வரைபடம், இசைக் குறிப்புத் தாள் எல்லாம் உண்டு. கேம் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள். லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். ஆனால் அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டுமாம். பிறக்கும்போதே டிஜிட்டலாகப் பிறந்த கேமுக்கு அப்படி ஒரு பிரதிக்கு எங்கே போவது? மழையில் நனையாதவனுக்கு மட்டும் குடை என்பது போல இருக்கிறது.

பிசிக்கு வந்தாலே மோட்சம் என்றும் நான் சொல்லவில்லை. "தி க்ரூ" என்ற கார் ஓட்டும் கேம் பிசியிலும்தான் இருந்தது. 2024 மார்ச் 31-இல் கம்பெனி சர்வரை நிறுத்தியது. தனியாக ஆடுவதற்குக் கூட வழியில்லாமல், காசு கொடுத்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் போனது. அதே ஆண்டு மே மாதம் "ஹெல்டைவர்ஸ் 2"-இல் சோனி கணக்கு கட்டாயம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். ஆனால் சோனியின் அந்தச் சேவையே இல்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இலங்கையும் அந்தச் சேவை இல்லாத நாடுதான். யாழ்ப்பாணத்துப் பையன் காசோடு நின்றாலும் அப்போது கடை இல்லை. பெட்டியின் பூட்டைக் கழற்றிக் கணக்கின் பூட்டை மாட்டினால் அது விடுதலை ஆகாது.

ஆக நான் கேட்பது மூன்று.

ஒன்று, ஒரு கன்சோலின் தயாரிப்பை நிறுத்துகிற கம்பெனி, அதில் மட்டும் இருக்கிற தன் கேம்களைப் பிசிக்குக் கொண்டுவர வேண்டும். தனக்கு முடியாவிட்டால் முடிகிறவர்களுக்கு உரிமை கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியாது என்பது தெரியும். பாட்டு உரிமை, நடிகர் உரிமை என்று சிக்கல் இருப்பதும் தெரியும். ஆரம்பிக்கட்டும்.

இரண்டு, அப்படி வருகிற பிரதி, கம்பெனி கடையை மூடினாலும் ஓட வேண்டும். சர்வரைக் கேட்டுத்தான் திறப்பேன் என்று அடம் பிடிக்கக் கூடாது.

மூன்று, இந்தியாவில் உருவாகும் ஒவ்வொரு கேமின் ஓடக்கூடிய ஒரு பிரதி கன்னிமாரா போன்ற ஒரு நூலகத்துக்குப் போக வேண்டும். 1954 சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சட்டமும் சோனியும் என் பதிவைப் படிக்கப் போவதில்லை. நீங்கள் படிப்பீர்கள். அதனால் உங்களிடம்.

கேம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளே, உங்களில் மூன்று பேராவது இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒப்பந்தம் எழுதும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு பிசிக்குக் கொண்டுவரும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒரு வரி கேளுங்கள். ராஜிக்கு இரண்டு மாதத்தில் நடந்தது. மூல நிரலைப் பத்திரமாக வையுங்கள். மெக்னருக்கு அவர் அப்பா வீடு இருந்தது. உங்களுக்கு ஓர் அலமாரியாவது இருக்கட்டும். வக்கீல்களான பிள்ளைகளே, நான் சட்டத்தைப் புரிந்துகொண்டதில் தப்பிருந்தால் திருத்துங்கள். தப்பில்லை என்றால், ஒரு மனு எப்படி எழுதுவது, எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள். கையெழுத்து வாங்க நான் நடக்கத் தயார். சொந்தங்களே, அடுத்த போகிக்கு எதையும் எடைக்குப் போடுமுன் வீட்டுப் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேளுங்கள்.

தங்கை மகனே, உன்மேல் கோபமில்லை. உனக்கு நினைவிருக்காது. 2010 கோடை விடுமுறையில் இதே தட்டைப் போட்டு, என் மகனோடு சண்டை போட்டு, என் மடியில் படுத்து அழுதவன் நீ. கில்லியில் அவன் கள்ள ஆட்டம் ஆடினான் என்று புகார். அந்தச் சண்டையை உன் பிள்ளைகளுக்கு நான் எதை வைத்துக் காட்டுவது?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி, எந்தப் பக்கமானாலும் சரி, யார் வீட்டிலாவது ஓடுகிற பிஎஸ்2 இருந்தால் சொல்லுங்கள். விலைக்கு வேண்டாம், இரவலாகவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டோடு நானும் பேரனும் வருகிறோம். ஒரு மணி நேரம் ஆடவிட்டால் போதும். அதிரசம் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி மிஸ்